கரிசல், தேரி, மலைச்சாலை: பிக்கப்புக்கு எந்த டயர்?

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம் போனால் கரிசல். தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் இறங்கினால் குதிரைமொழித் தேரியின் செம்மணல். வடமேற்கே போடிமெட்டு ஏறினால் மழையில் நனைந்த தார்ச்சாலை. என் இசுஸு வி-கிராஸ் பிக்கப்புக்கு இந்த மூன்று இடத்திலும் வேலை இருக்கிறது. கம்பெனி டயரின் பட்டன் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து முடிந்தபோது, அடுத்து எதைப் போடுவது என்று இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கடையில் மூன்று பெயர் சொல்வார்கள். எச்டி (ஹைவே டெரைன்) என்பது பெரும்பாலும் வண்டியோடு வரும் ரோடு டயர். எம்டி (மட் டெரைன்) சேற்றுக்கென்றே செய்தது, பார்க்க டிராக்டர் டயரின் தம்பி மாதிரி இருக்கும். நடுவில் இரண்டுக்கும் பொதுவான ஏடி (ஆல்-டெரைன்). புது எச்டியில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8, 9 மில்லிமீட்டர். ஏடியில் 11, 12. எம்டியில் 15 வரைகூட வரும். ஆழம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கரிசலில் அது உண்மை. ஐப்பசி மழையில் அந்தக் களிமண் தண்ணீர் குடித்து ஊதி, பட்டன் இடுக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டயர் வெறும் வழுவழு உருளைதான். எச்டிக்கு இது வரப்பைத் தாண்டுமுன்பே நடந்துவிடும். ஏடி இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு அதே கதிக்கு வரும். எம்டியில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலம். டயர் வேகமாகச் சுழலும்போது சேற்றை வீசி எறிந்துவிட்டு, சுத்தமான பட்டனோடு மறுபடி மண்ணைக் கவ்வும். வேகமாகச் சுழன்றால்தான் இந்த வித்தை. பயந்து பயந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் எம்டியும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

தேரிக்கு வந்தால் அதே எம்டி மண்வெட்டியாகிவிடுகிறது. மணலைத் தோண்டக் கூடாது, அதன்மேல் மிதக்க வேண்டும். மிதப்பதற்குப் பட்டனைவிடக் காற்றுதான் முக்கியம். 35 பிஎஸ்ஐ இருந்த காற்றை 18க்கு இறக்கினால் டயர் தட்டையாகப் படிந்து நீளமாகப் பாதம் பதிக்கும். அப்படி இறக்கிய என் பழைய எச்டியே தேரியில் சிக்காமல் போயிருக்கிறது. எம்டியின் பக்கச்சுவர் விறைப்பு, அதனால் காற்றை இறக்கினாலும் அவ்வளவு எளிதில் படியாது. சக்கரம் கொஞ்சம் சுழன்றாலும் ஆக்ஸில் வரை குழி பறித்துவிடும். ஒன்று கவனம்: காற்று குறைந்திருக்கும்போது ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப அடிக்கச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

கரிசலிலும் சரி, தேரி ஓரத்திலும் சரி, எங்கள் ஊரில் டயருக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். பட்டன் வழியாகக் குத்தினால் பஞ்சர் கடையில் திரி போட்டுச் சரிசெய்துவிடலாம். பக்கச்சுவரில் குத்தினால் டயரையே மாற்ற வேண்டியதுதான். வேலியோர வண்டிப்பாதையில் நான் இரண்டு எச்டியை அப்படித்தான் இழந்தேன், இரண்டிலும் பாதிப் பட்டன் மிச்சமிருந்தது. இங்கே சுவரில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதே கேள்வி. எல்டி என்று அளவின் முன்னால் அச்சிட்ட டயர்கள் பாரம் தாங்கச் செய்தவை, அவற்றில் சிலவற்றுக்குச் சுவரில் மூன்று அடுக்கு. அதற்குக் கொடுக்கும் விலை, கூடும் எடை. காலி வண்டி இன்னும் குதிக்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

போடிமெட்டில் எம்டியை நம்ப மாட்டேன். நனைந்த தாரில் பிடிப்பது பட்டனின் உயரத்தால் அல்ல. பட்டன் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள்தான் தண்ணீரை விலக்கித் தாரைப் பற்றுகின்றன. எச்டியில் அவை நிறைய, ஏடியில் ஓரளவு, எம்டியில் குறைவு. போதாததற்குப் பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் பின் சக்கரத்தின்மேல் பாரமே இல்லை. எம்டி போட்ட நண்பர் சாரலில் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் வண்டியின் பின்புறம் சாவகாசமாக வெளியே போய் வந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். அவர் கீழே வந்து டீ குடிக்கும் வரை பேசவில்லை. எம்டியின் இரைச்சலைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, நான்குவழிச் சாலையில் பாட்டே கேட்காது.

எனவே ஏடி. ஆனால் ஏடி என்பதும் ஒரே சரக்கல்ல. பிஎஃப்குட்ரிச் 1976இல் கொண்டுவந்த ஆல்-டெரைன் டயரின் வாரிசான கேஓ2, கல், முள் பக்கம் சாய்ந்தது. யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 சாலைப் பக்கம் சாய்ந்தது. வாரத்தில் ஆறு நாள் தாரில் ஓடுபவருக்கு இரண்டாவது வகையே போதும், முரட்டு டயரை அழகுக்காகப் போட்டு முதுகுவலி வாங்க வேண்டாம். வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அதனால் அப்படிப்பட்ட டயர் கிடைத்தால் பழைய இருப்பாக இருக்கலாம், சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

அளவில் பேராசை வேண்டாம். கம்பெனி அளவான 255/60 ஆர்18க்குப் (அகலம் 255 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்) பதில் 265/60 போட்டால் விட்டம் 12 மில்லிமீட்டர்தான் கூடும். 265/65க்குப் போனால் ஐந்து சதவீதம் பெரிதாகும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் போகும். பாரக் குறியீட்டில் கம்பெனி எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. 110 என்றால் ஒரு டயருக்கு 1060 கிலோ, 119 என்றால் 1360.

நான் மூன்றடுக்குச் சுவர் உள்ள எல்டி ஏடி, 265/60 போட்டேன். ஸ்டெப்னிக்குப் பழைய எச்டி போதும் என்றார் கடைக்காரர். மறுத்துவிட்டு ஐந்தாக வாங்கினேன். இந்த வண்டியின் ஃபோர்வீலில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொண்டு சுழல்பவை. ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் அந்த இழுபறி முழுவதும் கியர்மேல் விழும்.

அடைமழையில் விளாத்திகுளத்துக் காட்டுக்கு இப்போதும் இந்த வண்டி போவதில்லை. தம்பியின் டிராக்டர்தான் போகிறது.