தலை நிமிர எது உதவும்: கண்ணாடியா, பந்தா, எதிரே நிற்கும் ஆளா?

சேலத்தில் பிள்ளைகளை இன்லைன் ஹாக்கிக்கு (சக்கர ஸ்கேட் மாட்டி ஆடும் ஹாக்கி) அனுப்பும் பெற்றோர் நான்கு பேர் கூடினால், ஸ்கேட் சக்கரத்தின் விலையைப் பேசி முடித்ததும் அடுத்து வருவது இந்தப் பேச்சுதான்: "பக்கையே பார்த்துக்கிட்டு ஓடுறான், தலையைத் தூக்கவே மாட்டேங்கிறான். இதுக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கலாமா?" பக் என்பது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக ஸ்டிக்கால் தட்டும் வட்டமான தட்டு. வாங்குவதற்குச் சாமான் நிறையவே இருக்கிறது. கீழ்ப்பார்வையை மறைக்கும் கண்ணாடி, கோல்ஃப் பந்து, மரப்பந்து, வழுக்குப் பலகை. காசில்லாத வழியும் ஒன்று உண்டு. எதிரே ஒருவர் நின்று விரல் காட்டுவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலை நிமிர்வதற்கு இரண்டு வேண்டும். பக் எங்கே இருக்கிறது என்ற சேதி கைக்கு வர வேண்டும். பார்ப்பதற்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டும். எந்தச் சாமானையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஐஸ் ஹாக்கிக்காரர்கள் காட்டும் உதாரணம் 2000 மே 26. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் 7ஆவது ஆட்டம். பிலடெல்பியா அணியின் எரிக் லிண்ட்ரோஸ் தலையைக் குனிந்தபடி பக்கைக் கொண்டு வந்தார். நியூஜெர்சி அணியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் மோதினார். மூளை அதிர்ச்சியோடு விழுந்த லிண்ட்ரோஸ் அடுத்த சீசன் முழுவதும் ஆடவில்லை. அன்றைய விதிப்படி அந்த மோதலில் குற்றமே கிடையாது. தலையைத் தாக்கும் மோதலுக்கு என்ஹெச்எல் தனி விதி கொண்டுவந்தது 2010–11 சீசனில்தான். இன்லைனில் உடம்பால் மோதவே அனுமதியில்லை, அதனால் நமக்குக் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நம்ம ஊர் சிமெண்ட் தளத்தில் ஸ்டீவன்ஸ் இல்லை, சரி. கூடைப்பந்துக் கம்பம் இருக்கிறதே.

முதலில் கண்ணாடி. கூடைப்பந்து பழகுபவர்கள் போடுவார்களே, அதே ரகம். கண்ணுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். முகம் நேராக இருந்தால் ஸ்டிக்கின் பிளேடு, அதாவது பக்கைத் தட்டும் அடிப்பகுதி, தெரியாது. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை தடுமாறும் பிள்ளைக்கு இதை மாட்டிவிட்டுப் பாருங்கள்: தட்டைத் தாண்டிப் பார்ப்பதற்காகக் கழுத்தை இன்னும் அதிகமாகக் குனியும். எதைத் திருத்த வந்தோமோ அதுவே கூடிப்போகிறது. இன்னொரு குறையும் உண்டு. நல்ல ஆட்டக்காரர்களும் கீழே பார்க்கத்தான் செய்கிறார்கள். பாஸ் வந்து சேரும்போதும், பக் துள்ளும்போதும் கண் சட்டென்று இறங்கி ஏறும். பழக வேண்டியது அந்த இறக்கமும் ஏற்றமும்தான். கண்ணாடி அதற்கு வழியே விடுவதில்லை. கைக்கு ஏற்கெனவே பக் பிடிபட்டுவிட்ட, ஆனால் பழக்கதோஷத்தால் மட்டும் குனிகிற பிள்ளைக்குச் சில நிமிஷம் மாட்டலாம். மற்றவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பந்து விஷயம் சுவாரஸ்யமானது. ஐஸ் ஹாக்கி பக் 7.62 செ.மீ. விட்டம், 2.54 செ.மீ. தடிமன், எடை 156 முதல் 170 கிராம். வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் வீட்டுத் தரையில் கோல்ஃப் பந்தைத் தட்டுகிறார்கள். அதன் எடை அதிகபட்சம் 45.93 கிராம். தெருக் கிரிக்கெட்டில் தேய்ந்துபோன டென்னிஸ் பந்து புதிதாக இருந்தபோதே 60 கிராமுக்குள். இரண்டுமே பக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். லேசான பந்து கையை வேகமாக்கும், மணிக்கட்டை இளக வைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் டென்னிஸ் பந்து பிளேடில் பட்டதா இல்லையா என்றே கைக்குத் தெரியாது. சேதி வராதபோது கண் இறங்கித்தான் தீரும். கோல்ஃப் பந்து கொஞ்சம் பரவாயில்லை, டைல்ஸில் 'டக் டக்' என்ற சத்தம் காதுக்காவது தகவல் சொல்கிறது. பீரோவுக்கு அடியில் போய்விட்டால் எடுப்பது தனிப் பாடு.

நான் கைகாட்டுவது சாதாரணத் தரை ஹாக்கிப் பந்து. 156 முதல் 163 கிராம். அதாவது ஐஸ் ஹாக்கி பக்கின் எடையேதான். சுற்றளவு 22.4 முதல் 23.5 செ.மீ., விட்டமும் கிட்டத்தட்ட பக் அளவுக்கே வந்துவிடும். விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டாலே கிடைக்கக்கூடியது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. மொட்டை மாடிச் சிமெண்டில் உருட்டினால், பிளேடின் எந்த இடத்தில் பட்டது என்பது மேல் கைக்கு, அதாவது ஸ்டிக்கின் உச்சியைப் பிடிக்கும் கைக்கு, வந்துவிடுகிறது. இங்கே மேல் கைதான் முக்கியம். ஸ்டிக்கைத் திருப்புவது அது. கீழ்க்கை வளையம் போலத் தளர்வாக நிற்க வேண்டும். கீழ்க்கையால் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளைக்கு எந்தப் பந்தைக் கொடுத்தாலும் சேதி வராது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. பந்து உருளும், பக் வழுக்கும். பிளேடை மேலே கவிழ்த்து அணைக்கும் பழக்கம் பந்தில் தானாக வந்துவிடும், அது நல்லது. ஆனால் பக் கவிழ்ந்து விளிம்பில் ஓடும்போது என்ன செய்வது என்பதைப் பந்து ஒருநாளும் கற்றுத்தராது. கனமான, கெட்டியான பந்து என்பதால் ஷூ இல்லாமல் பழகக் கூடாது, தூக்கி அடிக்கவும் கூடாது. கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் மதியம் தூங்கும் நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பலகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பக் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு தடுமாறும், ஆகவே வழவழப்பான தளம் வேண்டும் என்பது உண்மை. அதற்காக இறக்குமதிச் செயற்கைப் பனித்தகடு வாங்க வேண்டியதில்லை. ஆசாரியிடம் சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் துண்டு இருந்தால் போதும். இன்லைன் பக் என்றால் அதுகூட வேண்டாம். அது எடை குறைந்த பிளாஸ்டிக், அடியில் குமிழ்கள் இருக்கும், மழமழப்பான சிமெண்டிலேயே ஓடும்.

இப்போது ஆள். மேலே சொன்ன சாமான்கள் எல்லாம் கையைத்தான் கவனிக்கின்றன. கண்ணுக்கு வேலை கொடுப்பது இது ஒன்றுதான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டுபவர் கியர் கம்பியைப் பார்ப்பதில்லை, எதிரே வருவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால். பிள்ளைக்கும் எதிரே ஏதாவது வர வேண்டும். அம்மாவோ அண்ணனோ சில அடி தள்ளி நின்று விரல் காட்ட, பிள்ளை பந்தை உருட்டிக்கொண்டே எண்ணைச் சொல்ல வேண்டும். அப்புறம் விரல் காட்டுபவர் இடம் மாற வேண்டும், பக்கவாட்டில் போக வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சுவரைப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கடைசியில் விரலுக்குப் பதில் ஸ்டிக்கைத் தரையில் தட்டி பாஸ் கேட்கலாம். என் அக்கா மகள் இதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள்: "மாமா, நீங்க பொய்யா கை காட்டுங்க, நான் ஏமாறுறேனான்னு பாக்கலாம்." ஏமாற்றுவது யார் என்று பார்க்க ஆரம்பித்த பிள்ளைக்குப் பந்தின் மேல் கண் போக நேரமில்லை.

சிக்கல் ஆள் கிடைப்பதுதான். கடையைச் சாத்திவிட்டு வருபவருக்கு இரவு பத்து மணிக்கு விரல் காட்டத் தெம்பு இருக்காது. டி.வி.யில் ஓடும் கிரிக்கெட்டின் ஸ்கோரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லலாம். ஆளுக்கு ஈடாகாது, ஆனால் கண்ணாடியைவிட மேல்.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டிக் நீளத்தை ஸ்கேட் மாட்டிய நிலையில் தாடை வரை என்று பார்த்து வெட்டுகிறோம். வெறும் ஷூவில் நின்றால் அதே ஸ்டிக் மூக்கு வரை வரும், கை மேலே ஏறிவிடும், பிளேடின் நுனி தரையைவிட்டு எழும்பும். பந்து நழுவினால் கண் கீழே போகும். பழியோ பிள்ளைமேல் விழும். கொஞ்சம் பழகிய பிறகு மாடியிலும் ஸ்கேட்டோடு, முழங்கால் மடக்கி நிற்கட்டும். மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் உயரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

இங்கேயே சிமெண்டில் ஆடப்போகும் பிள்ளைக்குத் தரை ஹாக்கிப் பந்தும், வீட்டில் ஒருவரின் மாலை நேரமும், கடைசியில் இன்லைன் பக்கும் போதும். லே, டேராடூன் என்று பனித்தளத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்கு மட்டும் ரப்பர் பக்கையும் சன்மைக்காப் பலகையையும் புறப்படுவதற்குச் சில வாரம் முன்னால் எடுத்துக் கொடுங்கள், கையுறை மாட்டிப் பழகச் சொல்லி. கையுறைக்குள் சேதி பாதிதான் வரும்.