வெஸ்ட்கேட், லாஸ் வேகாஸ்: அறைக்குக் குறையில்லை

லாஸ் வேகாஸுக்கு மாநாடு, கண்காட்சி என்று போகிறவர்களுக்கு வெஸ்ட்கேட் விடுதியைத் தாராளமாகச் சொல்லலாம். கண்காட்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. மோனோரயில் வாசலுக்கே வருகிறது. மகள் மாநாட்டுக்குப் போய்விட, நான் டாக்சிக்குக் காசு கொடுக்காமலேயே ஊரைச் சுற்றினேன். அறை விசாலம், மெத்தை இதம். எல்விஸ் பிரெஸ்லி 1969 முதல் 1976 வரை பாடிய அரங்கம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய சிலையருகே படம் எடுத்துக்கொள்ள எப்போதும் ஆள் நிற்கிறது.

எனக்கு இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். மரியாதையாகச் சிரித்தார், கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர் பிறப்பதற்கு முன்பு நடந்த விஷயம், குற்றம் சொல்ல முடியாது. நான் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் அலிசே விமானங்களைப் பராமரித்தவன். விமானத்தின் வால் கொக்கி தளத்துக் கம்பியைக் கவ்வி நிற்பதைத் தினமும் பார்த்தவன். அந்தக் கொக்கியின் பெயரால் அமைந்த அமெரிக்கச் சங்கம்தான் டெயில்ஹுக். 1991 செப்டம்பரில், அப்போது லாஸ் வேகாஸ் ஹில்டன் என்று பெயர் பெற்றிருந்த இந்த விடுதியில், கடற்படை விமானிகளின் ஆண்டு மாநாட்டை அது நடத்தியது.

விமானப் படைப்பிரிவுகள் மூன்றாம் மாடியில் இருபதுக்கும் மேற்பட்ட விருந்தறைகளைப் பிடித்திருந்தன. அறைக்கு அறை மது, அதிலும் யார் அறையில் கூத்து பெரிது என்று போட்டி. இரவானதும் தாழ்வாரத்தின் இருபுறமும் அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். நடுவே வந்த பெண்களின் மேல் கைவைத்தார்கள், உடையைப் பிய்த்தார்கள். சில ஆண்டுகளாகவே நடந்துவந்த வழக்கம் இது. மூத்தவர்கள் செய்ததைப் பார்த்து இளையவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பாதுகாப்புத் துறையின் விசாரணை அறிக்கை கணக்கிட்டபடி தாக்கப்பட்டவர்கள் 83 பெண்கள், 7 ஆண்கள்.

“குடித்துவிட்டார்கள், தெரியாமல் செய்துவிட்டார்கள்” என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். தாழ்வாரத்தின் முனையில் நின்றவர்கள் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் கூவுவதைப் போலவே கூவியிருக்கிறார்கள். பிடித்த பெண் வந்தால் “கிளியர் டெக்”. மூத்த அதிகாரியோ, வேண்டாத ஆளோ வந்தால் “வேவ் ஆஃப்”. விமானம் இறங்கக் கூடாது என்று நாங்கள் தளத்தில் கொடுக்கும் எச்சரிக்கை அது, ஓர் உயிர் அதில் தொங்கும். வருகிறவருடைய பதவியை அடையாளம் கண்டு குரல் கொடுக்க முடிந்தவனுக்கு எவ்வளவு போதை ஏறியிருக்கும்? வரிசையை விட்டு வெளியே வந்தால் பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பானோ என்ற பயம்தான் போதையைவிட அதிகமாக ஏறியிருந்தது. சீருடை போட்ட எவருக்கும் அந்தப் பயம் புதிதல்ல.

பாலா கஃப்லின் என்ற பெண் ஹெலிகாப்டர் விமானி, ஓர் அட்மிரலின் உதவி அதிகாரி. அவரையும் அந்த வரிசை விடவில்லை. மறுநாளே தன் அட்மிரலிடம் சொன்னார், காரியம் நகரவில்லை. பிறகு அந்த அட்மிரல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1992 ஜூனில் கஃப்லின் தொலைக்காட்சியில் தன் பெயரைச் சொல்லிப் பேசினார், கடற்படைச் செயலர் காரெட் பதவி விலகினார். காரெட்டும் கடற்படைத் தலைமைத் தளபதி கெல்சோவும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தவர்கள்தான். தண்டனை கொடுக்கலாமா என்று பார்க்க சுமார் 140 அதிகாரிகளின் கோப்புகள் அனுப்பப்பட்டன. இராணுவ நீதிமன்றத்தில் ஒருவர்கூடக் குற்றவாளியாகவில்லை. “நான் பார்க்கவில்லை” என்று கூட்டாளிகள் ஒருவரையொருவர் காத்து நின்றதில் விசாரணை கரைந்துபோனது. கஃப்லின் 1994-இல் கடற்படையை விட்டு விலகினார்.

விடுதி மதிப்புரையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அதே 1994-இல் கஃப்லின் ஹில்டன் மீது தொடுத்த வழக்கு ஜூரியிடம் போனது. விருந்தினர்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று கண்ட ஜூரி 17 லட்சம் டாலர் இழப்பீடும், அதன் மேல் 50 லட்சம் டாலர் தண்டத் தொகையும் விதித்தது. தண்டத் தொகையை நீதிபதி பிறகு குறைத்தார். ஆக, தலையணை உறையைப் போலத் தாழ்வாரமும் விடுதியின் சேவையில் சேர்த்திதான். பெரிய கூட்டமாகப் பதிவு செய்து, நிறையக் குடித்து, நிறையச் செலவழிக்கும் வாடிக்கையாளரிடம் காவலாளி போய் “போதும், கலையுங்கள்” என்று சொல்ல முடிகிற விடுதிக்குத்தான் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். அதை ஒரு சாதாரண வாரத்தில் தங்கிச் சோதித்துப் பார்க்க முடியாது.

இன்றைய வெஸ்ட்கேட் வேறு நிறுவனம், 2014-இல் வாங்கியது. பழைய பாவத்தை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. நான் தங்கியபோது லிஃப்ட் பக்கம் காவலாளிகள் நடமாடினார்கள். இரவு நேரம் கழித்துத் திரும்பிய மகளுக்கு ஒருவர் வணக்கமும் சொன்னார். நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கண்காட்சி நாட்களில் வாடகை கிடுகிடுவென்று ஏறிவிடும், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.