பப்பாளி இலையா, நிலவேம்பா? டெங்குவில் தட்டணுவுக்கு எது?

டெங்கு சீசன் வந்துவிட்டால் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒன்று பப்பாளி இலைச்சாறு, இன்னொன்று நிலவேம்பு. தம்பி டெங்குவில் படுத்தபோது இரண்டு கட்சியும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை, அதாவது கவுண்ட், 38,000. பெரியப்பா ஊரிலிருந்து பப்பாளி இலையைக் கட்டாகக் கொண்டுவந்தார், அத்தை பிளாஸ்கில் நிலவேம்புக் கஷாயம், நடுவில் தம்பி ஒன்றும் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டையில் எனக்குப் புரிந்த முதல் விஷயம், இந்த இரண்டும் ஒரே வேலைக்கான மருந்தே இல்லை என்பது.

நிலவேம்புக் குடிநீர் சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குக் கொடுப்பது. நிலவேம்பு, வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. பொடியைத் தண்ணீரில் போட்டு நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கிறோம். 2012 டெங்கு பரவலின்போது தமிழக அரசே விநியோகித்ததால் பெயர் வீடு வீடாகப் போனது. 2017-இல் ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களிடம் சொல்லப்போய் பெரிய ரகளை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இது டெங்கு வைரஸைத் தடுத்ததாகக் கட்டுரை வந்திருக்கிறது, அது சரி. ஆனால் அது வைரஸைப் பற்றிய பேச்சு. கவுண்டை ஏற்றும் என்பது நாமாக ஒட்டிக்கொண்டது. சொல்லப்போனால் நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு, சோதனைகளில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கத்தான் செய்கிறது. அதற்காக ஒரு வாய் கஷாயம் குடித்தால் ரத்தம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை, கவுண்டுக்காக அதைத் தேடிப்போவதில் பொருளில்லை என்கிறேன்.

பப்பாளி இலைக்கு இந்த விஷயத்தில் கை ஓங்கித்தான் இருக்கிறது. மலேசியாவில் 228 டெங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 50 கிராம் இலையின் சாற்றைத் தினமும், மூன்று நாள் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான முடிவுப்படி, சாறு குடித்தவர்களுக்கு இரண்டு நாளுக்குள் எண்ணிக்கை கூடுதலாக ஏறியது. தட்டணு உற்பத்தியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவும் சுறுசுறுப்பானது தெரிந்தது. யாருக்குச் சாறு, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு, அது ஒரு குறை. இப்போது அதே இலையின் சாரம் மாத்திரையாக வருகிறது, நம் ஊர் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள்.

சரி, பப்பாளி ஜெயித்துவிட்டது என்று முடிக்கலாம்தான். ஆனால் டெங்குவில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளில் கவுண்ட் சரியும், ஏழெட்டாம் நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறத் தொடங்கும். நாம் எப்போது இலை தேடி ஓடுகிறோம்? கவுண்ட் அடிமட்டத்துக்குப் போன அன்று. மறுநாள் ஏறினால் பெயர் இலைக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இன்னொன்று, ஏறினால்தான் என்ன? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கவுண்ட் 20,000 அல்லது அதற்கும் கீழே போன, ஆனால் ரத்தக்கசிவு பெரிதாக இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணுவையே ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு குறிப்பிடும்படி குறையவில்லை, பக்க விளைவுதான் கூடியது. நேராக நரம்பில் ஏற்றியே இதுதான் கதி என்றால், இலை எவ்வளவு காப்பாற்றும்? டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவது. ரிப்போர்ட்டில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரி அதைச் சொல்லும், அதை எங்கள் வீட்டில் ஒருத்தரும் படிக்கவில்லை. அதிலும் காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம், நாமோ அப்போதுதான் அப்பாடா என்போம்.

இங்கேதான் பப்பாளிச்சாறு எனக்கு உறுத்துகிறது. பெரியப்பா இலையை உரலில் இடித்துத் துணியில் பிழிந்து, கரும்பச்சையாக அரை டம்ளர் கொடுத்தார். தம்பி மூக்கைப் பிடித்துக் குடித்தான், பத்து நிமிடத்தில் குடித்த இளநீரோடு சேர்த்து வெளியே வந்தது. டெங்குவில் விடாத வாந்தி ஒரு அபாய அறிகுறி. அது நோயினாலா, சாற்றினாலா என்று டியூட்டி டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடைசியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

இந்தத் தட்டணுப் பேச்சுக்கு இடையில், 'சிவப்பணுவைக் காக்கும் மூலிகைகள்' என்று ஒரு பட்டியலும் சுற்றுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் டெஸ்ட் டியூப் சோதனை. சிவப்பணுக்களை உப்புக் குறைந்த நீரிலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ விட்டால் உடைந்து ஹீமோகுளோபின் கசியும், மேலே நிற்கும் தெளிவான நீர் ரோஸ் நிறமாகும். மூலிகைச் சாரம் சேர்த்து நிறம் குறைந்தால் 'காத்தது'. நெல்லிக்காயும் மஞ்சளும் இதில் நன்றாகவே தேறும், ஆனால் தின்ற மஞ்சளின் குர்குமின் ரத்தத்துக்குள் போவது சொற்பம். அதே டியூபில் பூந்திக்கொட்டைச் சாற்றை விட்டால் அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் அணுக்களை உடைத்தே போடும். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு மருதாணி பூசியே சிவப்பணு உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. எல்லாம் மூலிகைதான்.

என் கணக்கு இது. கவுண்ட் மட்டும்தான் கேள்வி என்றால் பப்பாளி, அதுவும் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, மாத்திரையாக. வாந்தி இருந்தால் அதுவும் வேண்டாம். நிலவேம்பு காய்ச்சலுக்குக் குடிப்பவர்கள் குடிக்கட்டும், கர்ப்பிணிகள் இரண்டையும் தொட வேண்டாம். ஓஆர்எஸ், கஞ்சி, மோர், இளநீர் இதற்கெல்லாம் வயிற்றில் இடம் போக மீதி இருந்தால்தான் இந்தப் பஞ்சாயத்தே.

தம்பிக்கு அதிலிருந்து நாலாம் நாள் கவுண்ட் 1,10,000. பெரியப்பா இன்றுவரை அது அந்த அரை டம்ளர் என்கிறார். அதில் எவ்வளவு உள்ளே தங்கியது என்று எனக்குத் தெரியும், தரையைத் துடைத்தது நான்தான்.