ஆயிரம் பவுண்டுக்கு ஒரு மைதானம்: போர்ட்ஸ்மத் ரசிகர் பங்கு, ஒரு விமர்சனம்

ஒரு பங்கின் விலை 1,000 பவுண்டு. முன்பணம் 100, கிளப் கைக்கு வரும் என்று உறுதியானதும் மீதி 900. தனியாக முடியாதவர்கள் நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுக்கலாம். பங்குச் சந்தையில் விற்க முடியாது, விலை ஏறும் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கிலாந்தின் தென்கரை ஊரான போர்ட்ஸ்மத்தின் கால்பந்து கிளப்பை மீட்க, 2013-க்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் இதை வாங்கினார்கள். முதலீடு என்று பார்த்தால் மோசமான சரக்கு. மூழ்கும் கிளப்பைக் கரை சேர்க்கும் கருவி என்று பார்த்தால், ரசிகர்களிடம் இதுவரை விற்கப்பட்டவற்றில் மிகச் சரியாகக் கட்டமைக்கப்பட்டது இதுதான் என்பேன். அந்தப் பணம் எதற்கு என்பதில் குழப்பமே இல்லை. மைதானத்துக்கு.

கிளப் ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2008-இல் இங்கிலாந்தின் பழம்பெரும் கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி இது. கார்டிஃபுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கானு அடித்த ஒரே கோல். அந்த அணிக்குக் கொடுத்த சம்பளத்தை வருமானம் தாங்கவில்லை. 2009-10 சீசனில் மட்டும் நான்கு உரிமையாளர்கள் மாறினார்கள். 2010 பிப்ரவரியில், முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அட்மினிஸ்ட்ரேஷன் என்ற திவால் பாதுகாப்புக்குப் போன முதல் கிளப் ஆனது. அதிலிருந்து வெளியே வந்து, 2011 ஜூனில் ரஷ்ய வங்கியாளர் விளாடிமிர் அன்டோனோவின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அந்த நிறுவனமும் நவம்பரில் சரிந்ததால், 2012 பிப்ரவரியில் இரண்டாவது முறை.

அட்மினிஸ்ட்ரேஷன் என்றால் கடையை மூடுவது அல்ல. கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடிக்க முடியாதபடி சட்டம் ஒரு வேலி போடுகிறது. வேலிக்குள் கடையை நடத்திக்கொண்டே, வாங்க ஆள் தேடுகிறார் அட்மினிஸ்ட்ரேட்டர். அவர் உழைப்பது கிளப்புக்காக அல்ல, கடன் கொடுத்தவர்களுக்காக. ரசிகர்கள் பலரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவருக்கு ஊர்ப் பாசம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. யார் அதிகம் தருவார், யாருடைய பணம் நிஜமாகவே கையில் இருக்கிறது, இந்த இரண்டுதான் அவருடைய கேள்விகள்.

பணம் பங்கிடும் வரிசைதான் எல்லாச் சண்டைக்கும் வேர். அடமானம் வைத்திருப்பவருக்கு அந்தச் சொத்தின் மேல் முதல் உரிமை. அட்மினிஸ்ட்ரேட்டரின் கட்டணமும் மற்றவர்களுக்கு முன்பே கழிந்துவிடும். அடுத்து கால்பந்துக்கே உரிய ஒரு விதி. வீரர்கள், மேலாளர்கள், மற்ற கிளப்புகள் ஆகிய 'கால்பந்துக் கடன்காரர்களுக்கு' முழுப் பணமும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் லீக்கில் ஆடும் உரிமை புது உரிமையாளருக்கு மாறாது. மிச்சம் இருப்பதுதான் அச்சுக்காரருக்கும் சமையல்காரருக்கும் வரித்துறைக்கும். 2010-இல் போர்ட்ஸ்மத்தின் கடன் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஸ்ட்ரெச்சரோடு நிற்கும் தொண்டர்களின் அமைப்பு. வரவேண்டியது சுமார் 2,700 பவுண்டு. சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு (100 பென்ஸ்) 20 பென்ஸ் என்று ஒப்பந்தம் முடிந்தது. வேறு கிளப்புக்கு வரவேண்டிய வீரர் விலைக்கு நூறு பென்ஸ், முதலுதவிக்கு இருபது. இதை ஏற்க முடியாமல்தான் வரித்துறை நீதிமன்றம் போனது, தோற்றது. அந்தப் பட்டியலைப் படித்தவர்களுக்கு, தங்கள் கிளப் இனி எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதில் சந்தேகம் வராது.

அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போகும் கிளப்புக்கு லீக் தரும் தண்டனையான புள்ளி வெட்டையும் கணக்கோடு பார்க்க வேண்டும். 2010-இல் 9 புள்ளி போனது. அணி எடுத்தது 28, அட்டவணையில் நின்றது 19. அந்த 9 இருந்திருந்தாலும் கீழிறக்கம்தான். 2012-இல் 10 புள்ளி. அந்த சீசனில் களத்தில் எடுத்தது 50, மிஞ்சியது 40. பார்ன்ஸ்லி என்ற இன்னொரு கிளப் 48-இல் தப்பியது. ஆக, வெட்டு இல்லையென்றால் போர்ட்ஸ்மத் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் நீடித்திருக்கும். கணக்குப் புத்தகம்தான் அணியை இறக்கியது. 2013-இல் அட்மினிஸ்ட்ரேஷனை விட்டு வெளியேறும்போது இன்னொரு 10. அந்த சீசனில் தொடர்ந்து 23 ஆட்டங்களில் வெற்றியே இல்லை என்பதால் அது முடிவை மாற்றவில்லை. நான்கு சீசனில் மூன்று படி கீழே. ரசிகர் பங்கை வாங்கியவர்கள் நான்காம் டிவிஷனுக்குப் போகும் கிளப்பை, தெரிந்தேதான் வாங்கினார்கள்.

இனி மைதானம். ஃப்ராட்டன் பார்க், 1899-இல் திறந்தது. வீடுகளின் வரிசைக்கு நடுவே, ஃப்ராக்மோர் சாலையின் முனையில், கருப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் பழைய விடுதி போல ஒரு முகப்பு. அதைத் தாண்டினால் 1925-இல் மைதானக் கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் கட்டிய தெற்கு ஸ்டாண்ட், அதாவது பார்வையாளர் அரங்கு. இந்த நிலத்தின் மேல் போர்ட்பின் என்ற நிறுவனத்துக்கு அடமானம் இருந்தது. முந்தைய உரிமையாளர் பல்ராம் செயின்ராயின் நிறுவனம் அது. அன்டோனோவ் தரப்புக்கு விற்ற விலையில் பாக்கி நின்றதால் அடமானப் பத்திரம் போர்ட்பின் கையிலேயே தங்கிவிட்டது. ஆக, கிளப்பை யார் வாங்கினாலும் மைதானத்தை விடுவிக்க போர்ட்பின்னைத் தாண்டியாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பொதுவாக ரசிகர் அமைப்புகள் சறுக்குகின்றன. உண்டியல் குலுக்குகிறார்கள், வந்த பணத்தை அந்த மாதச் சம்பளத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே பள்ளம். இந்தப் பங்கை விற்ற போர்ட்ஸ்மத் ஆதரவாளர் அறக்கட்டளை அப்படிச் செய்யவில்லை. பணத்தைக் கிளப்புக்குக் கொடுக்காமல் தனியே வைத்திருந்து, 'மைதானமும் கிளப்பும் சேர்ந்து வந்தால் மட்டும்' என்று நிபந்தனை போட்டது. 2012 கோடையில் அட்மினிஸ்ட்ரேட்டர் ட்ரெவர் பர்ச் பெரிய சம்பள வீரர்கள் எல்லோரையும் சமரசம் பேசி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி ஆள் கிளம்பும்போது சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தன. மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஆட்களைப் பிடித்து அணியை இறக்கினார்கள். போனவர்களுக்கு ஒப்புக்கொண்ட பாக்கி அடுத்த சில ஆண்டுகளுக்குத் தவணையாகத் தொங்கியது. இத்தனைக்கும் நடுவில் ரசிகர் பணம் கரையாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மைதானத்தின் விலையில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. காலி மனையாகவோ கடை கட்டும் இடமாகவோ பார்த்தால் ஒரு மதிப்பு. கால்பந்து தவிர வேறு பயன்பாட்டுக்கு அனுமதி கிடைக்காத நிலமாகப் பார்த்தால் வேறு மதிப்பு. அடமானக்காரர் சம்மதிக்காதபோதும் சொத்தை விற்க அனுமதி கேட்டு அட்மினிஸ்ட்ரேட்டர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நியாயமான சந்தை மதிப்பு அடமானக்காரருக்குப் போய்ச் சேரும் என்று நிரூபித்தால் போதும். பர்ச் அந்த வழியை எடுத்தார். 2013 ஏப்ரல் 10, வழக்கு எடுக்கப்படும் நாள். தீர்ப்பு வரை போகவில்லை. நீதிமன்றத்திலேயே பேசி 30 லட்சம் பவுண்டுக்கு முடித்தார்கள். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 19-இல் கிளப் ரசிகர்கள் கைக்கு வந்தது.

இரண்டாயிரம் சொச்சம் பங்குகளின் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மைதானத்தை வாங்கி, கிளப்பையும் ஓட்ட முடியாது. இந்தப் பங்கைப் பாடப்புத்தக உதாரணமாகப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது தவறு. 'பிரசிடெண்ட்கள்' என்று அழைக்கப்பட்ட வசதியான ரசிகர்கள் அறக்கட்டளை வழியாக வராமல் நேரடியாகப் பெருந்தொகை போட்டார்கள். நகர சபை 14.5 லட்சம் பவுண்டு குறுகியகாலக் கடன் கொடுத்தது. பக்கத்து நிலத்தில் கண் வைத்திருந்த கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் பணமும் சேர்ந்தது. நாலு கால் உள்ள கட்டில் இது. ரசிகர் பங்கு அதில் ஒரு கால். ஆனால் மற்ற மூன்று பேரும் வந்தது, இந்த ஒரு கால் ஊன்றி நின்றதால்தான்.

வாக்குரிமையைப் பொறுத்தவரை வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. ஒரு பங்கு வைத்திருந்தாலும் பத்து வைத்திருந்தாலும் அறக்கட்டளைக்குள் ஆளுக்கு ஒரு வாக்கு. இந்தக் கூட்டுறவு முறையில் பணக்கார ரசிகர் ஒருவர் கூட்டத்தைக் கைக்குள் போட்டுக்கொள்ள வழியில்லை.

வாங்கிய பிறகு சேவை எப்படி? எதிர்பார்த்ததை விட நன்று. நான்காம் டிவிஷனில் சீசன் டிக்கெட் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்த மட்டத்தில் மற்ற கிளப்புகள் கனவிலும் காணாத எண்ணிக்கை. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியவர்களுக்கு வரும் பாராசூட் பணத்தின் மிச்சம் புது வீரர்களுக்குப் போகாமல் பழைய கால்பந்துக் கடனுக்குப் போனது. 2014 செப்டம்பர் இறுதியில் பழைய கடன் தீர்ந்துவிட்டது என்று கிளப் அறிவித்தது. ஒன்றரை ஆண்டுக்குள்! 2017 மே மாதம் சீசனின் கடைசி நாளில் செல்டன்ஹாமை 6-1 என வீழ்த்தி, நான்காம் டிவிஷனான லீக் டூ பட்டத்தையும் வென்றது.

பழுது எங்கே என்றால், பழுதுபார்ப்பில்தான். மைதானத்தை வாங்கும் பணம் வேறு, நூறு வயது மைதானத்தைப் பாதுகாப்புச் சான்றிதழோடு வைத்திருக்கும் பணம் வேறு. கூரை, மின்கம்பி, இரும்புத் தூண், வெளியேறும் வழி என எல்லாவற்றிலும் ஆண்டுதோறும் செலவு. சான்றிதழில் அனுமதிக்கும் இருக்கைகள் குறைந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் பழுது தள்ளிப்போகும். ஒருமுறை 1,000 பவுண்டு போட்டவரிடம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய்க் கை நீட்ட முடியாது. இந்தப் பங்கில் இரண்டாம் சுற்றுக்கான ஏற்பாடு இல்லை.

அதனால் 2017-இல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் டோர்னான்டே நிறுவனம் வந்தபோது, வாக்களித்த பங்குதாரர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் சம்மதித்தார்கள். விலை 56.7 லட்சம் பவுண்டு; அதோடு கிளப்புக்குள் 1 கோடி பவுண்டு போடும் உறுதிமொழி. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடன் இல்லாத கிளப், சொந்த மைதானம், எந்த வாங்குபவரையும் மறுக்கும் வசதி, இந்த மூன்றோடு பேரம் பேச உட்கார்ந்தார்கள். 2012-இல் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. சின்னம், நிறம், பெயர் போன்றவற்றைக் காக்க ஒரு மரபுக் குழுவையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். 2024-இல் அணி மூன்றாம் டிவிஷனான லீக் ஒன் பட்டத்தோடு சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது.

இதே போன்ற இன்னொரு சரக்கோடு ஒப்பிட வேண்டுமென்றால் 2020-இல் லண்டன் கிளப்பான ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தன் புது மைதானத்தின் பெயரில் வெளியிட்ட ப்ளௌ லேன் பாண்ட். அதுவும் குறைந்தது 1,000 பவுண்டு. வட்டியை ரசிகரே 4 விழுக்காடு வரை தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. கட்டி முடிக்க வேண்டிய மைதானத்துக்கு அது நல்ல வழி. ஆனால் பாண்ட் என்பது கடன், முதிர்வு நாளில் கிளப் திருப்பித் தர வேண்டும். மூச்சுத் திணறும் கிளப்புக்கு அது ஒத்துவராது. திவால் நிலையில் இன்னொரு கடனைச் சேர்ப்பது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போலத்தான்.

இன்று ஒரு கிளப் விழுந்தால் 1,000 பவுண்டு பங்கு போதுமா? போர்ட்ஸ்மத் காலத்தை விடக் கடினம். பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள மூன்று டிவிஷன்களில் இப்போது வெட்டு 12 புள்ளி. சாதாரணக் கடன்காரர்களுக்கு உடனே பவுண்டுக்கு 25 பென்ஸாவது, அல்லது மூன்று ஆண்டில் 35 பென்ஸாவது தராவிட்டால் அடுத்த சீசனில் மேலும் 15 புள்ளி போகும். 2020 டிசம்பர் முதல், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரிக்கும் வாட் வரிக்கும் வரித்துறை வரிசையில் முன்னே வந்துவிட்டது. வரி கட்டாமல் நாட்களை ஓட்டும் கிளப்புகளில் பெரும்பாலும் அதுதான் பெரிய தொகை என்பதால், வாங்குபவர் போட வேண்டிய கைக்காசு ஒரேயடியாக ஏறிவிட்டது.

மைதானம் தனியே பிரிந்திருந்தால் இன்னும் சிக்கல். டெர்பி கவுண்டி கிளப் 2018-இல் தன் மைதானமான ப்ரைட் பார்க்கை அன்றைய உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கு 8.11 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது. 2021 செப்டம்பரில் அட்மினிஸ்ட்ரேஷன் வந்தபோது கிளப் ஒரு பக்கம், மைதானம் ஒரு பக்கம். வேறு விதிமீறலையும் சேர்த்து 21 புள்ளி வெட்டு, கீழிறக்கம், பணத்தைக் கொண்டுவர முடியாமல் விலகிய ஒரு வாங்குபவர், இத்தனைக்கும் பிறகு 2022 ஜூனில் உள்ளூர்த் தொழிலதிபர் டேவிட் க்ளௌஸ் முதலில் மைதானத்தை வாங்கினார்; ஜூலை 1-இல்தான் கிளப். வரிசையைக் கவனியுங்கள். பரி என்ற கிளப்பின் மைதானமான கிக் லேன் அடமானத்தில் மாட்டியிருந்தது. 2019 ஆகஸ்டில் கிளப் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 2022-இல் அங்கும் ரசிகர்கள் முதலில் மீட்டது மைதானத்தைத்தான்.

உங்கள் கிளப்புக்காக யாராவது பங்கு விற்க வந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் கிளப்பின் பெயரைப் போட்டு அடமானப் பதிவுகளின் பக்கத்தைத் திறந்தால் யார் பெயரில் எந்தத் தேதியில் பிடி இருக்கிறது, அது தீர்ந்ததா இல்லையா என்று இலவசமாகவே தெரியும். நிலப் பதிவேட்டில் சில பவுண்டு கட்டினால் மைதானத்தின் பத்திர நகல் கிடைக்கும். உரிமையாளர் பெயர் கிளப்பின் பெயர்தானா, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் 'ஹோல்டிங்ஸ்' என்றோ 'ப்ராப்பர்ட்டி' என்றோ வால் ஒட்டியிருந்தால் அது வேறு நிறுவனம். பிறகு பங்கு விற்பவர்களிடம் கேளுங்கள்: அந்த நிலத்துக்கு எவ்வளவு தருவதாகப் பேசியிருக்கிறீர்கள், பேரம் முறிந்தால் என் 100 பவுண்டு எந்தக் கணக்கில் இருக்கும்?