காற்றுப் பையா, காயில் ஸ்பிரிங்கா?
1998-இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ220 மாதிரி பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டி (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் தாங்கும் வண்டி) வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த காட்சி இது: ராத்திரி நேராக நின்ற கார், காலையில் ஒரு மூலை தாழ்ந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ரப்பர் மடிப்பில் நுரை கொப்பளித்தால் காற்றுப் பை போய்விட்டது. (அடியில் குனியுமுன் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.)

புது ஏர் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) போட்டால் பழைய மிதப்பு அப்படியே திரும்பும். டிக்கி நிறையப் பெட்டி ஏற்றினாலும் வண்டி மட்டம் குறையாது. ஆனால் செலவு அதோடு நிற்காது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் களைத்திருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் பாதி வேலைதான். அப்புறம், மற்ற மூலைகளுக்கும் அதே வயசு.

காற்றுப் பைகளைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் ஸ்பிரிங் மாட்டும் காயில் கிட்டில் காற்றே இல்லை, கசிவுமில்லை. பதிலுக்கு, உயரம் கூட்டும் பட்டன் சும்மா இருக்கும், பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், டாஷ்போர்டு எச்சரிக்கையை அடக்கவும் தனியாக ஏதாவது செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் காற்றுதான். அந்தச் சொகுசுக்காகத்தானே வாங்கினோம்? ரிப்பேர் செலவு வண்டி விலையை எட்டிப் பிடிக்கிறதா? சரி, காயில் போடுங்கள்.