தஞ்சாவூரிலிருந்து ஒரு பகல் மலையேற்றம்: தலைமலையா, கொல்லிமலையா, சிறுமலையா?

மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும். அதுவரை டெல்டாவில் வயலும் காய்கிறது, ஆளும் காய்கிறார். மலைக்குப் போகலாம் என்று யாராவது ஆரம்பித்தால் உடனே வெள்ளியங்கிரி என்பார்கள். பிப்ரவரி முதல் மே வரைதான் அங்கே அனுமதி என்பதால் கோடை முழுக்க நெரிசல். கூட்டமில்லாமல் ஏறி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு இந்த மூன்றும் தோது. பச்சைமலை வண்டியில் சுற்றிப் பார்க்க அருமையான இடம். உச்சி ஏறும் ஆசைக்கு அது போதாது.

கடல்மட்டக் கணக்கில் சிறுமலையும் கொல்லிமலையும்தான் உயரம். கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர். தலைமலை ஏறக்குறைய 3,000 அடி. ஆனால் காலுக்குத் தெரிவது வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஏறும் உயரம். அந்தக் கணக்கில் வரிசை தலைகீழாகிவிடும்.

சிறுமலைக்குத் திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். அகஸ்தியர்புரம் வரை வண்டி போய்விடும். அங்கிருந்து வெள்ளிமலை உச்சி சிவனைப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதுவே சரி. காட்டுமாடு நடமாட்டம் உண்டு. விடியற்காலையில் தனியாகப் போக வேண்டாம். ஏறின திருப்தி வேண்டுமென்றால் இது கொஞ்சம் ஏமாற்றும்.

கொல்லிமலையில் சிக்கலே வேறு. காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள்; வயிறு முட்டச் சாப்பிட்டால் இருபதாவது வளைவிலேயே வாந்தி. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள், எல்லாம் இறக்கம். தெம்பு இருக்கும்போது இறங்கி, உச்சிவெயிலில் ஏற வேண்டியிருக்கிறது. இறங்கும்போது முழங்கால் நடுங்க ஆரம்பித்தால் பாதியிலேயே திரும்பிவிடுங்கள், மீதிப் படிகள் எங்கும் ஓடிவிடாது. மே மாதம் அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கும். அருவியாக விழும் இதே ஐயாறுதான் கீழே புளியஞ்சோலைக்கு வருகிறது என்று அந்தக் காட்டுப் பாதையில் ஏறக் கிளம்பாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அது வேலைக்காகாது.

எங்கள் ஓட்டு தலைமலைக்கு. திருச்சி, நாமக்கல் எல்லையில், முசிறிக்கு அந்தப் பக்கம், உச்சியில் பெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. மே மாத வார நாளில் குரங்குகள்தான் துணை. கோயில் திறந்திருக்க வேண்டுமென்றால் சனிக்கிழமையைப் பாருங்கள். அடிவாரம் சமவெளியிலேயே இருப்பதால் முழு உயரத்தையும் காலால்தான் வாங்க வேண்டும்: இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிதான் குறையும். திருச்சியில் 40 என்றால் 3,000 அடி உச்சியிலும் சுமார் 35. ஆகவே ஐந்து மணிக்கு டார்ச்சோடு ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். அதற்குத் தஞ்சாவூரிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதைவிட, முந்தின இரவே முசிறி போய்த் தங்குவது மேல். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் தாராளம்.

வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாமல் ஆளுக்கு மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாமல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். புளியோதரை கெடாதுதான், ஆனால் தாகத்தைக் கிளப்பும். காலைக்குள் தின்று முடிப்பதென்றால் தயிர்சாதமே போதும். கையில் பாலித்தீன் பை தொங்கினால் குரங்கு பிடுங்கும். எல்லாம் தோள்பைக்குள் போகட்டும்.

வரப்பில் நடந்து பழகிய கால் ஏற்றத்தைச் சமாளித்துவிடும், வழுக்குவது இறக்கத்தில். பாறைமேல் கிடக்கும் சருகில் ரப்பர் செருப்பு நிற்காது. ஷூ என்றால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கோயில் மதிலுக்கு வெளியே குறுகிய விளிம்பில் சுற்றிவரும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே விழுந்து உயிர் போயிருக்கிறது, வேண்டுதல் என்றாலும் வேண்டாம். இன்னொன்று நெருப்பு. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் கருகியது கோடைக் காட்டுத் தீயில்தான். பீடி, கற்பூரம், அடுப்பு எதுவும் பாதையில் கூடாது. கீழே எங்காவது புகை தெரிந்தால் அன்றைக்கு மலை ஏற வேண்டாம்.