ஹை-ரைஸ்: நாற்பது மாடி, அடைத்துக்கொண்ட குப்பைக் குழாய்

மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது மதுரையில் விதி. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோவிலுக்கு எவ்வளவு பக்கம் என்பதை வைத்தே அந்தஸ்தை அளந்த ஊர் இது. இயக்குநர் பென் வீட்லியின் 'ஹை-ரைஸ்' (2015) படம் அதே அளவுகோலை ஒரு நாற்பது மாடிக் குடியிருப்பில் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கிறது.

ஜே.ஜி. பாலார்டின் 1975 நாவல்தான் மூலம். நாற்பதாவது மாடியில் கட்டடத்தை வடிவமைத்த ராயல். மொட்டைமாடித் தோட்டத்தில் குதிரைகூட நிற்கிறது. இருபத்தைந்தில் டாக்டர் லெயிங், அவராக நடிப்பவர் டாம் ஹிடில்ஸ்டன். கீழே பிள்ளைகுட்டிக்காரர்கள்.

முதல் பாதி அபாரம். சண்டை கொள்கையில் தொடங்குவதில்லை, வசதியில் தொடங்குகிறது. கீழ்மாடிகளில் கரண்ட் போகிறது, மாடிகளிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குழாய் அடைக்கிறது, நீச்சல்குளத்தை மேல்மாடிக்காரர்கள் விருந்துக்கு வளைத்துப்போட, பிள்ளைகளோடு கீழ்வீட்டார் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் புரியும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்கள் வேடத்தில் நடக்கும் விருந்துக்கு லெயிங் சாதாரண கோட் சூட்டில் போய் அவமானப்படும் காட்சி ஒன்றே போதும். அங்கே ஸ்வீடன் இசைக்குழு அபாவின் 'எஸ்ஓஎஸ்' பாட்டு வயலினில் ஓடுகிறது.

சறுக்குவது அதற்குப் பிறகு. கட்டடம் சீரழியும் மாதங்களை இசையோடு துண்டுதுண்டாக வெட்டி ஓட்டிவிடுகிறார்கள். எந்த மாடி எதை இழந்து எதற்குத் துணிந்தது என்ற கணக்கு அங்கே தொலைகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் ஏன் யாரும் வெளியேறவில்லை? நாவலில் இது மெல்ல ஊறி வரும்; படத்தில் நாமாக ஊகிக்க வேண்டும். இன்னொரு பெரிய குறை: 'கீழ்மாடி' என்று காட்டப்படுபவர்களும் நடுத்தர வர்க்கம்தான். கீழ்மாடிக்காரரான வைல்டர் டிவிக்கு ஆவணப்படம் எடுப்பவர். குப்பைக் குழாயை அடைத்தது யார் என்று இரண்டு தரப்பும் கத்துகின்றன. அதில் கைவிட்டு எடுக்க வேண்டிய ஆளுக்குப் படத்தில் இடமே இல்லை. வர்க்கத்தைப் பேச வந்த படத்தில் இது சின்ன விடுபடல் அல்ல.

திரையிடுபவர்களுக்கு: ஓட்டம் 119 நிமிடம். இடைவேளை விட்டே ஆகவேண்டுமென்றால், ஒருவர் மேலிருந்து காரின் மேல் விழும் காட்சி முடிந்ததும் விடுங்கள். படத்தின் குணம் மாறுவது அங்கேதான். பின்பாதி பெரும்பாலும் இருட்டு. ஜன்னலில் திரை போடாத ஹாலில் பகல் காட்சி வேண்டாம், சாம்பல் கான்கிரீட்டும் கறுப்பும் ஒன்றாகிவிடும். வன்முறை, பாலியல் காட்சிகள் நிறைய. முதல் காட்சியிலேயே நாய்க்கறி வாட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். கடைசியில் சிறுவனின் ரேடியோவில் வரும் குரல் பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருடையது. அதுவரை லைட்டைப் போடாதீர்கள்.